மிர்தா கேட்ட கேள்விகள்

மிர்தா எலெகுவாவைக் கேட்காமல் மின்விசிறிகூட வாங்க மாட்டாள் என்று யுமுரி ஆற்றங்கரைத் தெருக்களில் சொல்வார்கள். பாதிப் பேர் மரியாதையாகச் சொன்னார்கள். பாதிப் பேர் சிரித்துக்கொண்டே சொன்னார்கள். இரண்டும் அவள் காதுக்கு வரும். இரண்டையும் அவள் பாராட்டாகவே எடுத்துக்கொண்டாள்.

எலெகுவா சாமி அவள் வீட்டு வாசற்கதவுக்குப் பின்னால் ஒரு மண்தட்டில் இருந்தார். சிமெண்டில் பிடித்த தலை, உள்ளங்கையில் அடங்கும் அளவு. கண்ணும் வாயும் சோழி. வழியைத் திறப்பதும் அடைப்பதும் அவர் வேலை. திங்கட்கிழமைதோறும் அவருக்கு மிட்டாய், ஒரு வாய் ரம், சுருட்டுப் புகை. அம்மா ஹசிந்தா காலத்திலிருந்து அந்த வீட்டில் ஒரு சட்டம் உண்டு. யார் தங்க வந்தாலும் முதலில் அவரிடம் உத்தரவு கேட்க வேண்டும்.

கேட்பது தேங்காயில். நாலு துண்டு, ஒரு பக்கம் வெள்ளை, மறுபக்கம் கறுப்பு. தண்ணீர் தெளித்து, இறந்துபோன வீட்டாரின் பெயர்களை வரிசையாகச் சொல்லி, கேள்வியைச் சொல்லித் தரையில் போட வேண்டும். நாலும் கறுப்பாக விழுந்தாலோ ஒன்றே ஒன்று வெள்ளையாக விழுந்தாலோ, இல்லை. நாலும் வெள்ளை என்றால் ஆம். மூன்று வெள்ளை என்றால் ஆம் போலத்தான், ஆனால் இன்னொரு முறை கேள். இரண்டு வெள்ளை, இரண்டு கறுப்பு என்றால் உறுதியான ஆம். அதற்குமேல் கேட்கக் கூடாது. கேட்டால் அவரை நம்பவில்லை என்று அர்த்தம்.

இவ்வளவுதான். ஐந்து வயதுப் பிள்ளைக்குக்கூடப் புரியும். மிர்தாவுக்கு முப்பது வருஷப் பழக்கம்.

இருபத்து மூன்றாம் வயதில், லாரி ஓட்டும் ரோகெலியோவைக் கட்டிக்கொள்ளலாமா என்று கேட்டாள். ஒரு வெள்ளை, மூன்று கறுப்பு. காய் இளசு என்றாள். மறுநாள் முற்றிய காயாகப் பார்த்து வாங்கிக் கேட்டாள். நாலும் கறுப்பு. மழை பெய்து தரை ஈரமாக இருக்கிறது என்றாள். மூன்றாம் நாள் இரண்டுக்கு இரண்டு விழுந்தது. எலெகுவா உத்தரவு கொடுத்துவிட்டார் என்று அன்று சாயங்காலத்துக்குள் தெரு முழுக்கத் தெரிந்துவிட்டது. ரோகெலியோ நாலு வருஷம் இருந்தான். ஐந்தாம் வருஷம் லாரியோடு கமகுவே ஊருக்குப் போனவன் லாரியை மட்டும் திருப்பி அனுப்பினான்.

"அவர் சொல்லித்தான் கட்டிக்கிட்டேன்" என்றாள் மிர்தா. "என் மேல என்ன தப்பு?"

அவள் கயிற்று ஆலையில் இருபத்திரண்டு வருஷம் வேலை பார்த்தாள். கற்றாழை நாரின் தூசி நெஞ்சில் இறங்கியபோது நின்றுவிட்டாள். பிறகு வீட்டின் பின்னறையில் ஒரு பழைய நாவிதர் நாற்காலியும் கண்ணாடியும் தண்ணீர்த் தொட்டியும் போட்டுப் பெண்களுக்கு முடி நேராக்கிவிடத் தொடங்கினாள். கை நல்ல கை. யாருடைய உச்சந்தலையும் அவளிடம் வெந்ததில்லை. ஆற்றுக்கு அந்தப் பக்கத்திலிருந்துகூட வந்தார்கள்.

அந்தப் பின்னறை அவள் தம்பி சிரோவுடையது. சிரோ சிறையில் இருந்தான்.

அவன் போனது அரசு மாட்டைத் திருட்டுத்தனமாக அறுத்ததற்காக. தொண்ணூற்று மூன்றாம் வருஷம். அந்த வருஷம் தெருவில் பூனைகள் இல்லாமல் போயின. பசியில் ஜனங்களுக்குக் கண் மங்கியது, ஹசிந்தாவுக்கும் மங்கியது. ஊசியில் நூல் கோக்க முடியாமல் அவள் ஜன்னலோரம் உட்கார்ந்து துணியைத் தடவிக்கொண்டிருப்பாள். ஒரு நாள் சிரோவும் இன்னும் இரண்டு பேரும் அரசுப் பண்ணைக்குப் போனார்கள். அவன் படுக்கை விரிப்பில் சுற்றி ஒரு தொடைக்கறியைக் கொண்டுவந்தான். ஜன்னல்களைச் சாத்திக்கொண்டு மிர்தாதான் சமைத்தாள். மூன்று பேரும் சாப்பிட்டார்கள். எலும்புகளை மிர்தா கொல்லையில் வாழைக்கடியில் புதைத்தாள். அன்று மட்டும் அந்த வீட்டில் யாரும் உத்தரவு கேட்கவில்லை.

இரண்டு வாரம் கழித்துப் போலீஸ் வந்தது. தனக்கு ஒன்றும் தெரியாது என்றாள் மிர்தா. சிரோவும் அப்படித்தான் சொன்னான்: அவளுக்கு ஒன்றும் தெரியாது. மறு வருஷம் ஹசிந்தா இறந்தாள். முதல் இரண்டு வருஷம் மிர்தா பை நிறையச் சாப்பாட்டோடு சிறைக்குப் போய்வந்தாள். மூன்றாம் வருஷம் நிறுத்திக்கொண்டாள். வழியில் ஆபத்து என்று எலெகுவா சொல்வதாகக் கடிதம் எழுதினாள்.

எட்டு வருஷம் முடிந்து ஒரு மார்ச் மாதம் சிரோ வெளியே வந்தான்.

தெருவில் எதிர்வீட்டு நோயலியாவிடம் மட்டும்தான் ஃபோன் இருந்தது. அதனால் எல்லோருடைய நல்லது கெட்டதும் அவளுக்கு முதலில் தெரியும். அவள் வாசலில் நின்று கத்தினாள்.

"மிர்தா! ஃபோன்! லிமோனார்லேர்ந்து! ஆம்பளைக் குரல், சீக்கிரம் வா, நானே பேசி முடிச்சிடப் போறேன்!"

மிர்தா கையைத் துடைத்துக்கொண்டு ஓடினாள்.

"அக்கா, நான்தான்" என்றான் சிரோ. "விட்டுட்டாங்க. மாமா வீட்ல இருக்கேன், ஒலிம்பியா மாமிகிட்ட. ரெண்டு வாரம் இருந்துக்கோன்னாங்க. அதுக்கப்புறம் அவங்க மருமக வந்துடுவா, இடம் இருக்காது. வீட்டுக்கு வரட்டுமா?"

நோயலியா அவரைக்காய் உரித்துக்கொண்டு பக்கத்திலேயே நின்றாள்.

"கேட்டுச் சொல்றேன்" என்றாள் மிர்தா.

"யார்கிட்ட?"

"யார்கிட்டயா? அம்மா வச்ச சட்டம் மறந்துபோச்சா?"

மறுமுனையில் ஒரு கோழி கூவியது கேட்டது.

"சரி" என்றான் சிரோ. "கேளு."

திங்கட்கிழமை காலை கேட்டாள். முற்றிய காய், காய்ந்த தரை. தண்ணீர் தெளித்தாள். பெயர்களைச் சொன்னாள். "சிரோ இந்த வீட்டுக்கு வரலாமா?" துண்டுகள் உருளவில்லை, ஒன்றின்மேல் ஒன்று ஏறவில்லை. இரண்டு வெள்ளை, இரண்டு கறுப்பு.

அவள் குந்தியபடியே வெகுநேரம் அவற்றைப் பார்த்தாள். பிறகு, பெயர் வரிசையில் அம்மாவின் பெயரை விட்டுவிட்டோமோ என்று தோன்றியது. பாட்டி பெயர் சொன்னது நினைவிருந்தது. சித்தப்பா பெயர் சொன்னது நினைவிருந்தது. அம்மா பெயர்? நிச்சயமாகத் தெரியவில்லை. நிச்சயமாகத் தெரியாததால் விட்டுவிட்டதாகவே வைத்துக்கொண்டாள். விட்டிருந்தால் அது செல்லாது.

துண்டுகளை எடுத்து, ஹசிந்தாவின் பெயரைத் தெருவுக்குக் கேட்கும்படி சொல்லிவிட்டு, மறுபடி போட்டாள். மூன்று வெள்ளை, ஒரு கறுப்பு. இன்னொரு முறை கேள். இப்போது சட்டமே அவள் பக்கம் இருந்தது.

"அவன் முதல்ல ஏதாவது பரிகாரம் செய்யணுமா?"

ஆம் என்று விழுந்தது. மிர்தாவுக்கு மூச்சு வந்தது. பரிகாரம் என்றால் நாள் ஆகும்.

"ஒரு வருஷம் ஆகுமா?" இல்லை. "ஆறு மாசம்?" இல்லை. "மூணு மாசம்?" நாலும் கறுப்பு. "ஒரு மாசம்?" இல்லை.

இன்றைக்கே செய்துவிட்டு இன்றைக்கே வரலாமா என்று அவள் கேட்கவில்லை. துண்டுகளைத் துணியில் சுற்றி எடுத்துவைத்தாள்.

சாயங்காலம் நோயலியா வந்து நாவிதர் நாற்காலியில் சாய்ந்துகொண்டாள்.

"என்னடி, என்ன சொன்னார்?"

"இன்னும் பேசிக்கிட்டிருக்கோம்."

"பேச்சுவார்த்தையா? ஐ.நா. சபைக்கு எழுதிப் போட்டா ஆள் அனுப்புவாங்களே." நாற்காலியை ஒரு சுற்றுச் சுற்றினாள். "இது சிரோ படுத்த இடம் இல்ல? அவன் வந்தா இந்த நாற்காலியை எங்க தூக்கிப் போடுவே?"

"அதையா நான் யோசிக்கறேன்? அவர் என்ன சொல்றாரோ அதுதான்."

மிர்தா இதை நம்பித்தான் சொன்னாள். அவளைப் பொய்க்காரி என்று யாராவது சொல்லியிருந்தால் துடித்துப் போயிருப்பாள்.

புதன்கிழமை பாலத்தைத் தாண்டி எமெலினாவிடம் போனாள். அவளுக்கு எலெகுவாவை முறைப்படி எடுத்துக்கொடுத்த ஞானத்தாய் எமெலினா. மிர்தா அவளை மதரீனா என்று அழைப்பாள். எழுபத்தெட்டு வயது, வீங்கிய கால்கள். மடியில் முறத்தை வைத்துக்கொண்டு ரேஷன் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

"உக்காரு. கண்ணு நல்லா இருக்கில்ல, பொறுக்கு."

இருவரும் பொறுக்கினார்கள்.

"மதரீனா, நீங்க ஒரு தடவை போட்டுப் பாருங்க. என் கைக்குச் சரியா விழ மாட்டேங்குது."

"மொத தடவை என்ன விழுந்துது?"

"ரெண்டுக்கு ரெண்டு."

எமெலினாவின் விரல்கள் நின்றன. "அப்புறம் எதுக்குடி ரெண்டாவது தடவை?"

"அம்மா பேரை விட்டுட்டேன்."

"ஹசிந்தா பேரையா? அவ பேரைச் சொல்லாம நீ தும்மக்கூட மாட்டியே."

மிர்தா ஒரு கல்லை எடுத்துத் தரையில் போட்டாள். "சந்தேகமா இருந்துது. சந்தேகத்தோட எப்படி அவனை உள்ள விடறது?"

"தெரிஞ்சதைக் கேக்கக் கூடாதுன்னு பெரியவங்க சொல்லியிருக்காங்க. தெரியாததைக் கேக்கத்தான் தேங்காய்."

"எனக்குத் தெரியலையே மதரீனா."

"தெரியலையா, பிடிக்கலையா?"

மிர்தா குனிந்து இன்னொரு கல்லைத் தேடினாள். எமெலினா முறத்தை ஒரு தட்டுத் தட்டினாள்.

"அவர் குழந்தைச் சாமி, தெரியுமில்ல? குழந்தைகிட்ட ஒரே கேள்வியைப் பத்துத் தடவை கேட்டுப் பாரு. கடைசியில உனக்கு வேணுங்கறதைச் சொல்லிட்டுத் தெருவுக்கு விளையாட ஓடிடும். அப்புறம் அது சொல்லிச்சுன்னு நீ ஊரெல்லாம் சொல்லிக்கலாம்."

"நீங்க போட மாட்டீங்களா?"

"மாட்டேன். உன் தம்பி வேணாம்னா வேணாம்னு அவன்கிட்ட சொல்லு. அது சரியா தப்பாங்கறது வேற. அவரைக் கொண்டுபோய்ச் சாட்சிக் கூண்டுல நிறுத்தாத." முறத்தைக் கீழே வைத்தாள். "போறப்ப இந்த நொய்யைக் கோழிக்குப் போட்டுட்டுப் போ."

மிர்தா கோழிக்குப் போட்டுவிட்டுப் புறப்பட்டாள். கிழவிக்குக் கை நடுங்குகிறது, அதனால்தான் போடவில்லை என்று வழியில் சொல்லிக்கொண்டாள். பாலத்தில் நின்றாள். கீழே இரண்டு பேர் படகில் வலையைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். தான் இதுவரை சிரோவைப் பற்றிச் சரியான கேள்வியைக் கேட்கவே இல்லை என்று அங்கே அவளுக்குத் தோன்றியது. சரியான கேள்வி எது என்பதும் உடனே தோன்றியது. மீதி வழியை வேகமாக நடந்தாள்.

"அவனுக்கு வேற இடத்துல சாப்பாடும் படுக்கையும் கிடைக்குமா?"

இரண்டு வெள்ளை, இரண்டு கறுப்பு.

இந்த முறை அவள் சட்டத்தை மீறவில்லை. மறுபடி கேட்கவில்லை. எலெகுவாவுக்குத் தேன் மிட்டாய் வைத்தாள். கைகால் கழுவிக்கொண்டு நோயலியா வீட்டுக்குப் போய் லிமோனாருக்குப் பேசினாள்.

"எலெகுவா வேணாம்னுட்டார் சிரோ. உன் வழி வேற பக்கமாம். அங்க உனக்குச் சாப்பாடு, படுக்கை எல்லாம் கிடைக்குமாம்."

"அப்படியா சொன்னார்?"

"ரெண்டுக்கு ரெண்டு விழுந்துது. அம்மா மேல சத்தியம்."

விழுந்தது உண்மைதான். சத்தியம் செய்யும்போது அவள் குரல் தடுமாறவில்லை.

ஃபோனை வைத்ததும் நோயலியா அவள் தோளைத் தொட்டாள். "சொந்தத் தம்பி. உனக்கு எப்படி இருக்கும்! ஆனா அவர் சொன்னப்புறம் நீ என்ன பண்ணுவே, கண்ணு?" அந்த வாரம் முடி நேராக்க வந்தவர்கள் எல்லோரும் அதையே சொன்னார்கள். ஒருத்தி ஒரு சீப்பு வாழைப்பழம் கொண்டுவந்து கொடுத்தாள். மிர்தா பெருமூச்சு விட்டாள். அது நடிப்பு இல்லை. தம்பியை நினைத்து அவளுக்கு உண்மையாகவே வருத்தமாக இருந்தது. கடவுளுக்குக் கீழ்ப்படிந்து ஒரு கஷ்டத்தைச் சுமக்கிறோம் என்று இருந்தது.

சனிக்கிழமை பதினொரு மணிக்கு சிரோ வந்தான்.

அப்போது நாற்காலியில் ஒடாலிஸ் இருந்தாள். மகளின் பதினைந்தாம் பிறந்தநாள் விருந்து அன்று சாயங்காலம். தலை முழுக்க முடி நேராக்கும் பசை அப்பியிருந்தது. அதைப் பன்னிரண்டு நிமிஷம் வைக்கலாம். பதினைந்து நிமிஷமானால் தோல் போய்விடும். மிர்தா கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, யாரோ கூப்பிட்டதற்காக வாசலுக்கு வந்தாள்.

அவன் படிக்கு வெளியே நின்றான். முன்பற்கள் இரண்டு இல்லை. சட்டை யாருடையதோ, தோளில் தொங்கியது. கையில் ஒரு நைலான் பை.

"உள்ள வரல" என்றான். "ஒண்ணு கேட்டுட்டுப் போயிடறேன்."

"ஃபோன்லயே சொன்னேனே சிரோ."

"என்ன விழுந்துதுன்னு சொன்னே. என்ன கேட்டேன்னு சொல்லல."

மிர்தா கதவைப் பிடித்துக்கொண்டாள். கதவுக்குப் பின்னால் தட்டில் தேன் மிட்டாயை எறும்பு மொய்த்திருந்தது.

"என்ன கேட்டா என்ன? பதில் அவருது."

"ஜெயிலுக்குள்ள நாங்களும் கேப்போம்" என்றான் சிரோ. "தேங்காய்க்கு எங்க போறது? நாலு ரொட்டித் துண்டு, ஒரு பக்கம் கரியைத் தடவிக்குவோம். எப்ப விடுவாங்கன்னு ஒவ்வொருத்தனும் வந்து கேப்பான். சீக்கிரம்னுதான் விழும். விழற வரைக்கும் போட்டா எப்பவும் சீக்கிரம்தான். இருபது வருஷம் தண்டனை வாங்கினவனுக்கும் சீக்கிரம்தான். அப்புறம் அந்த ரொட்டியைத் தின்னுடுவோம்."

அவன் சிரித்தான். மிர்தாவுக்குச் சிரிப்பு வரவில்லை.

"மிர்தா" என்று உள்ளேயிருந்து ஒடாலிஸ் கூப்பிட்டாள். "லேசா எரியுதும்மா."

"ரெண்டு நிமிஷம் இருக்கு!"

"மூணாவது வருஷம் வழியில ஆபத்துன்னு எழுதினே" என்றான் சிரோ. "சரின்னு விட்டேன். அக்கா, அந்த ஆபத்து அஞ்சு வருஷம் ரோட்லயே நின்னுச்சா? அங்கேயே நின்னு வேரு விட்டுடுச்சா?"

"சிரோ."

"நான் அவரைக் குறை சொல்லல. என்கூட அவ்வளவு தூரம் உள்ள வந்தது அவர் ஒருத்தர்தான். அதனாலதான் சொல்றேன். அவர் தலையில வைக்காத. நான் வர்றது உனக்குப் பிடிக்கலையா, நீ சொல்லு. திரும்பிப் போயிடறேன். கோபப்பட மாட்டேன்."

"வீட்ல இடம்..."

"இடத்தைப் பத்திக் கேக்கல."

"மிர்தா! தலை வேகுது! சாயங்காலம் விருந்துக்கு நான் மொட்டைத் தலையோட போகணுமா?"

மிர்தா உள்ளே ஓடினாள். ஒடாலிஸின் தலையைத் தொட்டிக்குள் அமுக்கிக் குவளையால் தண்ணீர் ஊற்றினாள். பசை வெள்ளை வெள்ளையாகக் கரைந்து ஓடியது. பின்னறையிலிருந்து பார்த்தால் வாசல் நேராகத் தெரியும். அவள் வாசலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு இரண்டு குவளை ஊற்றினாள், மூன்று குவளை ஊற்றினாள்.

"நீ வர வேண்டாம்" என்றாள்.

குரல் தொட்டிக்குள்ளேயே நின்றது. இன்னும் உரக்கச் சொன்னாள்.

"வர வேண்டாம். நான்தான் சொல்றேன். அவர் வரச் சொன்னார். மொத தடவையே சொன்னார். நான்தான்."

ஒடாலிஸ் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு அசையாமல் இருந்தாள்.

"நீ இந்த வீட்ல நடந்தா எனக்குத் தாங்காது" என்றாள் மிர்தா. கை தானாகத் தலையை அலசிக்கொண்டிருந்தது. "அந்தக் கறியை ஆக்கினது நான். தின்னது நான். போலீஸ் கேட்டப்ப ஒண்ணும் தெரியாதுன்னு நின்னேன். நீ என் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கல. பார்த்திருந்தா பரவால்ல. தினமும் காலையில எழுந்து உன் மூஞ்சியில முழிக்க என்னால முடியாது சிரோ. அதான். வேற ஒண்ணுமில்ல."

தண்ணீர் தீர்ந்துபோயிற்று. அவள் குவளையை வைத்தாள். ஒடாலிஸின் தலையில் துண்டைச் சுற்றினாள். பிறகுதான் திரும்பினாள். அவன் அங்கேயே நின்றுகொண்டிருந்தான்.

"அம்மாவுக்குக் கண்ணு கொஞ்சம் தெரிஞ்சுதா?" என்று கேட்டான். "அந்தக் கறி தின்னப்புறம்?"

"பத்து நாள் அவங்களே ஊசியில நூல் கோத்தாங்க."

சிரோ தலையை ஆட்டினான்.

"குடிக்கத் தண்ணி குடு."

அவள் கொண்டுவந்து கொடுத்தாள். படிக்கு வெளியே நின்றபடியே குடித்தான். தம்ளரைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, பையை எடுத்துக்கொண்டு, ஆட்களை ஏற்றும் லாரிகள் நிற்கும் இடத்தை நோக்கிப் போனான்.

அவன் மூலை திரும்புவதற்குள் நோயலியா வந்துவிட்டாள்.

"வந்து நின்னுட்டுப் போறானே, பாவம். ஆனா எலெகுவா வேணாம்னப்புறம் என்ன..."

"அவர் வேணாம்னு சொல்லல" என்றாள் மிர்தா. "நான் சொன்னேன்."

நோயலியா வாயைத் திறந்தாள். தெருவில் அவளுக்கு வாய் இருந்தும் வார்த்தை இல்லாமல் போனதை முதன்முதலாக அன்றுதான் பார்த்தார்கள்.

ஒடாலிஸ் சாயங்கால விருந்தில் எல்லாவற்றையும் சொன்னாள். அவளுடைய தலைமுடி அழகாக அமைந்திருந்தது. அதைப் பார்க்க வந்தவர்கள் இதையும் கேட்டார்கள். தம்பியை விரட்டியதைத் தெரு மன்னித்திருக்கும். அந்த வருஷங்களில் வீட்டுக்கு வீடு யாராவது யாரையாவது விரட்டியிருந்தார்கள். சாமி சொன்னதாகச் சொன்னதைத்தான் மன்னிக்கவில்லை. வாழைப்பழம் கொடுத்தவள் எதிரே பார்த்தால் தலையைத் திருப்பிக்கொண்டாள். நாலைந்து பேர் முடிக்கு வேறு இடம் பார்த்துக்கொண்டார்கள். எமெலினாவிடமிருந்து ஒரு வார்த்தையும் வரவில்லை. திங்கட்கிழமைகளில் மிர்தா எலெகுவாவுக்கு மிட்டாய் வைத்தாள், ரம் வைத்தாள், சுருட்டுப் புகை ஊதினாள். எதுவும் கேட்கவில்லை. கேட்க ஒன்றும் இல்லாமல் அவர் முன்னால் குந்தியிருப்பது அவளுக்குப் பழக்கமில்லை. கால் மரத்துப்போகும். எழுந்துவிடுவாள்.

கேள்வி கேட்காமல் இருக்கும்போது மனம் தானாகப் பேசியது. அந்தப் பேச்சில் இடம், நாற்காலி, தெருக்காரர்கள் எதுவும் வரவில்லை. ஊசியை வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்த அம்மாவின் கை வந்தது. சிரோ படிக்கு வெளியிலேயே நின்று தண்ணீர் குடித்தது வந்தது. அவன் முகத்தைப் பார்த்துப் பேசியாயிற்று. பேசும்போது அவளுக்கு ஒன்றும் ஆகிவிடவில்லை.

மே மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை மிர்தா நாவிதர் நாற்காலியை முன்கூடத்துக்கு இழுத்துவந்தாள். கண்ணாடியைக் கழற்றி முன்கூடத்துச் சுவரில் மாட்டினாள். தொட்டியை இரண்டு பேர் வந்து நகர்த்திக் கொடுத்தார்கள். பின்னறைச் சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தாள். அம்மாவின் கட்டிலைப் போட்டு மெத்தையை வெயிலில் காயவைத்துத் தட்டினாள். பிறகு நோயலியா வீட்டுக்குப் போய், லிமோனாருக்குப் பேச வேண்டும் என்றாள்.

நோயலியா ஃபோனை அவள் பக்கம் தள்ளினாள். ஒலிம்பியா எடுத்தாள், சிரோவைக் கூப்பிட ஆள் அனுப்பினாள். அவன் வரக் கால் மணி நேரம் ஆயிற்று.

"அக்கா?"

"அறையை ஒழிச்சுட்டேன்" என்றாள் மிர்தா. "நீ வா. நான்தான் கூப்பிடறேன். வேற யாரையும் கேக்கல."

அவன் மூச்சு வாங்குவது கேட்டது. ஓடி வந்திருக்க வேண்டும்.

"இங்க ஒரு ரொட்டிக்கடையில மாவு பிசையறேன்" என்றான். "அடுப்பறைக்குப் பக்கத்துலயே கட்டில் போட்டுக் குடுத்திருக்காங்க. சூடாத்தான் இருக்கு, ஆனா இருக்கு."

"வீட்டுக்கு வா சிரோ."

"கோபம்னு நினைச்சுக்காத. கோபம் அன்னிக்கே போயிடுச்சு." அவசரப்படாமல் சொன்னான். "ஆனா நான் வரல அக்கா. இங்கயே இருந்துடறேன்."

மிர்தா ஃபோனைக் காதில் வைத்தபடி நின்றாள். எதிரே, திறந்திருந்த வாசல் வழியாக, அவள் வீட்டு மெத்தை வெயிலில் கிடப்பது தெரிந்தது.

"சரி" என்றாள். "உடம்பைப் பார்த்துக்கோ."

வைத்தாள். நோயலியாவால் அதற்குமேல் பொறுக்க முடியவில்லை.

"என்னடி வச்சுட்டே? என்ன சொன்னான்?"

"வரலைன்னான்."

"சும்மா பிகு பண்றான்டி! மறுபடி கூப்பிட்டுக் கேளு. கொஞ்சம் அழுது கேளு. நாளைக்குக் கேளு, நாளன்னைக்குக் கேளு. தம்பிதானே, எத்தனை தடவைதான் இல்லைன்னுவான்?"

"கேட்டாச்சு" என்றாள் மிர்தா. "சொல்லிட்டான்."

மழை வரும்போல இருந்தது. மெத்தையை உள்ளே எடுத்துப்போட அவள் தெருவைக் கடந்து போனாள்.